எலுமிச்சையின் ஆயுள் அதன் தோலில்: பறித்த பழத்தை வாரக்கணக்கில் காப்பாற்ற ஒரு முழு வழிகாட்டி

தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே பினாங்கில் எலுமிச்சை விலை ஏறத் தொடங்கிவிடும். காவடிக்கு எலுமிச்சை, மாலைக்கு எலுமிச்சை, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தலில் சர்பத்துக்கு எலுமிச்சை. அதை ஒட்டியே சீனப் புத்தாண்டும் வருவதால் வீட்டு அஞ்சடியில், அதாவது வாசல் நடைபாதையில், ஆரஞ்சுப் பெட்டிகளும் அடுக்கியிருக்கும். சில வருடங்களுக்கு முன், விலை ஏறுவதற்குள் வாங்கிவிடலாம் என்று பத்து கிலோ எலுமிச்சை வாங்கி, பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, சமையலறை மேடைக்கு அடியில் வைத்தேன். நான்காம் நாள் பையைத் திறந்தபோது புளித்த வாடை முகத்தில் அடித்தது. பாதிக்கு மேல் கொழகொழவென்று போய்விட்டது. சாமிக்கென்று எடுத்து வைத்த பழம் அது. அந்த வருத்தத்தில்தான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததையும், வீட்டில் செய்து பார்த்துப் பலன் கண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில், பழத்துக்குள் நடப்பது என்ன?

மாம்பழத்தையும் வாழைப்பழத்தையும் காயாகப் பறித்தாலும் வீட்டில் பழுத்துவிடும். எலுமிச்சை, ஆரஞ்சு, பம்பளிமாஸ் வகையறா அப்படியல்ல. இனிப்பாக மாறுவதற்கான மாவுச்சத்துக் கையிருப்பு இவற்றில் இல்லை. மரத்தில் என்ன சுவை இருந்ததோ அதுதான். பறித்த பிறகு பழம் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருக்கும், மெல்ல நீரை இழந்துகொண்டிருக்கும். ஆகவே ‘பழுக்க வைப்பது’ என்ற வேலையே நமக்கு இல்லை. இருப்பதை இழக்காமல் காப்பதுதான் வேலை.

இந்த விஷயத்தில் என் எண்ணத்தை மாற்றியது ஷிம்ஷோன் பென்-யெஹோஷுவா என்ற தாவர உடலியல் அறிஞரின் ஆராய்ச்சி. இஸ்ரேலில் உள்ள வோல்கானி ஆய்வு மையத்தில் வேலை செய்தவர். 1970-களின் கடைசியில் அவரும் அவருடைய குழுவினரும் ஒவ்வொரு பழத்தையும் தனித்தனியாக மெல்லிய பாலிஎத்திலீன் படலத்தால் மூடி ஒட்டிப் பார்த்தார்கள். படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். அது நீராவியைத் தடுத்தது, ஆனால் பழம் மூச்சுவிடத் தேவையான அளவு காற்றைப் போகவர விட்டது. மூடிய பழங்கள் மூடாதவற்றைவிடப் பல மடங்கு குறைவாகவே எடை இழந்தன, தோல் நெடுநாள் விறைப்பாகவே இருந்தது. பழம் ‘கிழடு’ தட்டுவதற்கு வயதை மட்டும் குறை சொல்ல முடியாது, தோல் தாகத்தில் தவிப்பதுதான் பெரிய காரணம் என்று அவர்கள் காட்டினார்கள்.

எலுமிச்சையை வெட்டிப் பாருங்கள். வெளியே எண்ணெய்ப் பைகள் நிறைந்த பச்சைத் தோல், அதற்குள் பஞ்சு போன்ற வெள்ளைத் தோல், அப்புறம்தான் சுளை. நீர் முதலில் போவது தோலிலிருந்து. அதனால்தான் வெளியே காய்ந்து சுருங்கிய பழத்தை வெட்டினால் உள்ளே சாறு இன்னும் இருக்கிறது. எடையில் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு குறைந்தாலே சுருக்கம் கண்ணுக்குத் தெரியும். ஒரு கிலோ பழத்தில் அது வெறும் 50, 60 கிராம்தான்.

இரண்டாவது எதிரி பூசணம். அதைப் பற்றி வழியில் சொல்கிறேன்.

படி 1: மரத்திலிருந்து எடுப்பது

பாலிக் பூலாவ் பக்கம் தோட்டம் உள்ளவர்களுக்கும், வாசலில் தொட்டியில் லிமாவ் கஸ்தூரி என்கிற குட்டி எலுமிச்சை வளர்ப்பவர்களுக்கும் இது. கடையில் வாங்குகிறவர்கள் அடுத்த படிக்குப் போகலாம், ஆனாலும் படித்துவிட்டுப் போங்கள், கடைப் பழத்தில் உள்ள பழுப்புப் புள்ளிகள் எங்கிருந்து வந்தன என்று புரியும்.

விடிகாலையில் பனியோடோ மழை விட்ட கையோடோ பறிக்காதீர்கள். அப்போது தோலின் எண்ணெய்ப் பைகள் நீர் குடித்து விம்மியிருக்கும். லேசாக அழுத்தினாலே உடைந்து எண்ணெய் கசியும். அந்த எண்ணெய் சுற்றியுள்ள தோல் செல்களையே கொன்றுவிடும், ஓரிரு நாளில் அங்கே பழுப்புத் திட்டு விழும். எலுமிச்சைக்கு இந்தத் தொல்லை மிக அதிகம். வெயில் ஏறி, தோல் நன்றாக உலர்ந்த பிறகு, பத்து பதினோரு மணிக்கு மேல் பறிப்பது நல்லது.

இழுத்துப் பறிக்கக் கூடாது. இழுத்தால் காம்படியில் இருக்கும் சின்னப் பச்சைக் குமிழ் பிய்ந்துகொண்டு வரும். எங்களைப் போன்ற சூடும் ஈரமும் கலந்த ஊர்களில் காம்படி அழுகல் என்று ஒரு நோய் உண்டு. அதன் பூஞ்சை அந்தக் குமிழுக்கு அடியில்தான் பதுங்கியிருக்கும். குமிழ் பச்சையாக, உயிரோடு ஒட்டியிருக்கும் வரை அது உள்ளே போக வழியில்லை. கத்தரிக்கோலால் வெட்டுங்கள். ஒரே வெட்டாக வெட்டினால் பழம் காயப்படலாம், அதனால் முதலில் கொஞ்சம் காம்போடு வெட்டி, பிறகு கையில் பிடித்துக் காம்பை ஒட்ட வெட்டுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் காம்பு கூடையில் பக்கத்துப் பழத்தைக் குத்தும். நகத்தை வெட்டிவிட்டுப் பறியுங்கள்.

படி 2: சந்தையில் பார்த்து வாங்குவது

சௌராஸ்தா சந்தையிலோ கோலாலம்பூரில் செலாயாங் பாசார் போரோங் என்கிற மொத்தச் சந்தையிலோ எங்கே வாங்கினாலும் முதலில் காம்படிக் குமிழைப் பாருங்கள். பச்சையாக இருந்தால் பறித்து அதிக நாளாகவில்லை. பழுப்பாகியோ விழுந்தோ இருந்தால் நீண்ட நாள் வைக்க வாங்காதீர்கள், அன்றைக்கே பிழிய வேண்டுமானால் பரவாயில்லை. கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம் தெரிய வேண்டும்.

ஈரமாக இருக்கும் குவியலைத் தவிருங்கள். நான் வழக்கமாக வாங்கும் கடையில் ஒருநாள், “ஏன் அண்ணே, பழமெல்லாம் சொட்டச் சொட்ட ஈரமா இருக்கு?” என்று கேட்டேன். “தண்ணி தெளிச்சாத்தாம்மா பளபளன்னு இருக்கும், அப்பத்தான் ஆளுங்க கை வைப்பாங்க” என்றார். அவர் சொன்னது வியாபாரத்துக்குச் சரி. ஆனால் ஈரமான காயத்தில்தான் புளிப்பழுகல் என்ற நோய் வேகமாகப் பரவுகிறது. என் பத்து கிலோவில் அடித்த புளித்த வாடையும் அதுதான் என்று பிறகு புரிந்துகொண்டேன். இப்போது அதே அண்ணனிடம் தண்ணீர் தெளிக்காத சாக்கிலிருந்து தரச் சொல்லி வாங்குகிறேன், முகம் சுளிக்காமல் தருகிறார்.

வாங்கியதைக் காரின் பின்பெட்டியில் வெயிலில் விட்டுவிட்டு மற்ற வேலைக்குப் போகாதீர்கள்.

படி 3: அன்றைக்கே பிரிப்பது

எல்லாப் படிகளிலும் இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். இதை ஒழுங்காகச் செய்தால் மீதியில் கொஞ்சம் முன்பின் ஆனாலும் பழம் தப்பிக்கும்.

இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. நூறு வருடத்துக்கு முன் கலிஃபோர்னியாவிலிருந்து ரயிலில் போகும் ஆரஞ்சுகள் வழியிலேயே அழுகி, விவசாயிகள் பெரும் நஷ்டப்பட்டார்கள். ஜி. ஹெரால்டு பவல் என்ற அமெரிக்க வேளாண் துறை அறிஞர் அதை ஆராய்ந்து 1908-ல் அறிக்கை வெளியிட்டார். நோய் ரயிலில் வரவில்லை, தோட்டத்திலேயே பழத்துக்குக் காயம் பட்டிருக்கிறது என்று கண்டுபிடித்தார். கத்தரியின் கூர்முனை, நீண்ட காம்பு, பெட்டியின் அடியில் கிடந்த மணல் கற்கள், முரட்டுத்தனமாகக் கொட்டிய கைகள். காயமில்லாமல் பக்குவமாகக் கையாண்ட பழம் அதே ரயிலில் அதே தூரம் போய்ப் பெரும்பாலும் நன்றாகவே சேர்ந்தது.

காரணம் இதுதான். பச்சைப் பூசணமும் நீலப் பூசணமும் முழுத் தோலைத் துளைக்க முடியாதவை. பெனிசிலியம் டிஜிடாட்டம், பெனிசிலியம் இத்தாலிக்கம் என்று அவற்றுக்குப் பெயர். பெனிசிலின் மருந்து தந்த பூஞ்சையின் உறவுக்காரர்கள்தான். அவற்றின் வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன, ஒரு கீறல் கிடைத்தால் போதும். அதிலும் பச்சைப் பூசணம் மிக வேகமாக வளர்வது 24, 25 டிகிரி செல்சியஸில். பினாங்கின் இரவு அதே அளவுதான். கலிஃபோர்னியாக்காரரைவிட நாம்தான் காயத்துக்கு அதிகம் அஞ்ச வேண்டும்.

தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து, பழத்தை ஒவ்வொன்றாகக் கையில் உருட்டிப் பாருங்கள். கொட்டாதீர்கள், முட்டையை எடுப்பதுபோல் எடுங்கள். மூன்று கும்பலாகப் பிரியுங்கள். தோல் முழுதாக, குமிழ் பச்சையாக இருப்பவை ஒன்று. கீறல், நகத்தடம், குமிழ் பிய்ந்த குழி உள்ளவை இன்னொன்று, இவற்றை நாலைந்து நாளுக்குள் பயன்படுத்துங்கள். ஒரு ரூபாய்க் காசளவுக்கு மெத்தென்று, ஈரம் ஊறியதுபோல் நிறம் மங்கிய இடம் இருந்தால் அது மூன்றாவது கும்பல். பூசணம் கண்ணுக்குத் தெரியவில்லை என்றாலும் உள்ளே வந்துவிட்டது. வெளியே போட்டுவிடுங்கள்.

படி 4: சோடாக் குளியல், அல்லது வெந்நீர்க் குளியல்

நாலைந்து பழத்துக்கு இது வேண்டாம். ஐந்து கிலோ, பத்து கிலோ வைக்கிறவர்களுக்குத்தான்.

சுலபமான வழி ஆப்பச் சோடா. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 30 கிராம், அதாவது மட்டமாக இரண்டு மேசைக்கரண்டி. பழத்தை இரண்டு மூன்று நிமிடம் முக்கி வைத்து, பிறகு நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். எலுமிச்சைத் தொழிலில் சோடாவை இப்படிப் பயன்படுத்துவது 1920-களிலிருந்தே நடந்து வருகிறது. சோடா வித்தைக் கொல்வதைவிட அதை முளைக்க விடாமல் தடுக்கிறது என்றே சொல்ல வேண்டும். காயம் பட்ட ஒரு நாளுக்குள் செய்தால்தான் பலன், அதனால்தான் அன்றைக்கே என்கிறேன். அலசுவதை விட்டுவிடாதீர்கள். தோலில் சோடா தங்கினால் பழம் இன்னும் வேகமாக நீர் இழக்கும்.

இரண்டாவது வழி வெந்நீர். பென்-யெஹோஷுவாவின் குழு 53 டிகிரி வெந்நீரில் இரண்டு நிமிடம் முக்கி எடுத்து, எலுமிச்சை வகைகளில் அழுகல் நன்றாகக் குறைவதைப் பார்த்தது. இதற்குச் சமையல் வெப்பமானி கட்டாயம் வேண்டும், கைவிரல் கணக்கு உதவாது. 50-க்குக் கீழே போனால் பலன் குறையும், 55-ஐத் தாண்டினால் தோல் வெந்து பழுப்பாகும். குளிர்ந்த பழம் உள்ளே போனதும் தண்ணீர் சட்டென்று ஆறிவிடும் என்பதால் ஏழு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோவுக்கு மேல் போடாதீர்கள். நம்மூர் எலுமிச்சைக்குத் தோல் மெலிது. முதலில் ஐந்து பழத்தை மட்டும் முக்கி, இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றதைச் செய்யுங்கள்.

வெந்நீர் வித்துகளை அழிப்பதோடு, தோலையே எதிர்த்து நிற்க வைக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அந்தக் குழு, பழத்தை மூடிய படலத்தோடு 36 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்த்தபோது, காயத்தைச் சுற்றி மரத்தில் இருப்பது போன்ற லிக்னின் படிந்து காயம் ஆறியது. ஸ்கோப்பரோன் என்ற பூஞ்சை எதிர்ப்புப் பொருளையும் எலுமிச்சைத் தோல் தானே சுரந்தது. பறித்து மரத்தைவிட்டுப் பிரிந்த பிறகும் பழம் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்கிறது! அதற்குச் சூடும், தோல் காயாத ஈரப்பதமும் கொடுக்க வேண்டும். நம் சமையலறை பகலில் 32 டிகிரி போனாலும் இரவில் பூசணத்துக்குப் பிடித்த 25-க்கு இறங்கிவிடுவதால், இந்த மூன்று நாள் முறையை வீட்டில் செய்ய நான் சொல்ல மாட்டேன்.

இறக்குமதி ஆரஞ்சுக்கு இந்தக் குளியல் எதுவும் வேண்டாம். அவை பெரும்பாலும் மெழுகு பூசி, பூஞ்சைக்கொல்லி போட்டே வருகின்றன. உரிப்பதற்கு முன் கழுவினால் போதும். தோலைச் சமையலில் சேர்க்க நினைத்தால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

படி 5: உலர்த்துவது

பருத்தித் துணியில் ஒரே அடுக்காகப் பரப்பி, மின்விசிறிக் காற்றில் ஒரு மணி நேரம். வெயிலில் வேண்டாம். காம்படிக் குழியில் தண்ணீர் நிற்காமல் துணி முனையால் ஒற்றி எடுங்கள்.

படி 6: பைக்குள் போடுவது

தனித்தனிப் படலம் என்ற யோசனையை வீட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது? நான் செய்வது இதுதான். காய்கறிக் கடையில் சுருளாகத் தொங்கும் மிக மெல்லிய பையில் ஆறு பழம் போட்டு, வாயை இறுக முடிச்சுப் போடாமல் ஒருமுறை முறுக்கி அடியில் மடக்கிவிடுவேன். பெரிய பை ஒன்றைவிடச் சின்னப் பைகள் பத்து நல்லது. ஒன்று அழுகினால் அந்த ஆறோடு போய்விடும். காவடிக்கு, நேர்த்திக்கடனுக்கு என்று ஒரு பழம்கூட வீணாகக் கூடாது என்றால் ஒவ்வொன்றையும் தனியாகச் சுற்றுங்கள். அதிக வேலைதான், ஆனால் நீலப் பூசணம் ஒரு பழத்திலிருந்து ஒட்டியிருக்கும் பழத்துக்குத் தாவிப் பரவக்கூடியது என்பதால் தனித்தனியாகச் சுற்றுவதற்கு ஈடு வேறில்லை.

பைக்குள் நீர்த்துளி கோத்தால் வாயைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். நான் ஒவ்வொரு பையிலும் நான்காக மடித்த டிஷ்யூ ஒன்று வைக்கிறேன்.

கமலா ஆரஞ்சுக்கு மட்டும் வேறு கணக்கு. காற்றுப் புகாத டப்பாவிலோ தடித்த பையிலோ அதை மூடினால் மூச்சு முட்டி உள்ளே சாராயம் ஊறும், சுளையில் ஒருமாதிரி நெடி வரும். புத்தாண்டுப் பெட்டியில் கடைசியாக மிஞ்சும் ஆரஞ்சில் அந்த நெடியை நீங்களும் உணர்ந்திருப்பீர்கள். ஆரஞ்சுப் பையில் பென்சில் முனையால் பத்துப் பன்னிரண்டு துளை போடுங்கள்.

படி 7: எங்கே வைப்பது

குளிர்சாதனப் பெட்டி எவ்வளவு குளிரோ அவ்வளவு நல்லது என்று நானும் நினைத்திருந்தேன். எலுமிச்சை சூடான நாட்டுப் பழம், அதற்குப் பொருத்தம் 10 முதல் 13 டிகிரி. வீட்டுப் பெட்டியின் மேல்தட்டு 4 டிகிரி இருக்கும். அங்கே சில வாரம் இருந்தால் தோலில் குழி விழுந்து பழுப்புப் புள்ளி வரும், வெளியே எடுத்ததும் அந்தக் குழிகளில் பூசணம் ஏறும். ஆகவே காய்கறி வைக்கும் கீழ் இழுப்பறைதான் எலுமிச்சைக்கு இடம். பையில் மூடிய பழத்துக்கு இந்தக் குளிர்க்காயமும் குறைகிறது.

ஆரஞ்சும் கமலாவும் 5 டிகிரியைத் தாங்கும், அவற்றை நடுத்தட்டில் வைக்கலாம். லிமாவ் பாலி என்கிற பம்பளிமாஸுக்குப் பெட்டியே வேண்டாம். தாம்புனிலிருந்து வாங்கி வந்த பழத்தை நிழலில் காற்றோட்டமாக வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும், நாளாக நாளாகப் புளிப்பும் கொஞ்சம் தணியும். லிமாவ் கஸ்தூரி ரொம்பச் சின்னது, தோல் காகிதம் போன்றது. ஒரு வாரத்துக்கு மேல் ஆசைப்படாமல் பிழிந்து ஐஸ் தட்டில் உறைய வைத்துவிடுங்கள்.

வாழைப்பழம், மாம்பழம், பப்பாளி பக்கத்தில் எலுமிச்சை வேண்டாம். அவை விடும் எத்திலீன் வாயு பச்சை எலுமிச்சையை மஞ்சளாக்கி, குமிழையும் உதிரவைக்கும். பச்சைப் பூசணமும் எத்திலீன் விடுகிறது. ஒரு பழம் அழுகினால் தொடாத பழமும் சீக்கிரம் மூப்படைவது இதனால்தான்.

படி 8: வாரம் இருமுறை பார்ப்பது

செவ்வாயும் வெள்ளியும் என்று நான் வைத்திருக்கிறேன், விளக்குக்கு எலுமிச்சை எடுக்கும் நாள் என்பதால் மறக்காது. பூசணம் முதலில் மெத்தென்ற ஈரத் திட்டாக வரும். மறுநாள் அதன் நடுவே மாவு தூவியதுபோல் வெள்ளை. அதற்கடுத்த நாள் வெள்ளையின் நடுவில் பாசி நிறத்தில் தூள். வெள்ளைக் கரை அகலமாக இருந்தால் பச்சைப் பூசணம், மெல்லிய கோடுபோல் இருந்து நடுவில் நீலம் ஓடினால் நீலப் பூசணம். தூள் வந்த பழத்தைக் கையால் எடுத்து உதறாதீர்கள், ஒரே பழத்தில் கோடிக்கணக்கான வித்துகள் இருக்கும். பையைக் கையில் உறைபோல் மாட்டி, பழத்தைப் பிடித்து, அப்படியே பையைப் புரட்டிக் கட்டிக் குப்பையில் போடுங்கள். கெட்ட இடத்தை வெட்டிவிட்டு மீதியைப் பிழியும் பழக்கமும் வேண்டாம்.

மாலை கட்டுகிறவர்களுக்கு

ஊசி கோக்கும் ஒவ்வொரு துளையும் ஒரு காயம். நேற்றிரவே கோத்துவைத்த 108 எலுமிச்சை மாலை சாத்துகிற நேரத்துக்குள் துளையைச் சுற்றிக் கசிய ஆரம்பித்துவிடும். பழத்தை முந்தின நாளே வெளியே எடுத்து, வியர்த்தது போகத் துடைத்து வைத்துவிட்டு, கோப்பதை அன்று காலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஊசியை வெந்நீரில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். தவறி ஒரு கெட்ட பழத்தில் குத்திவிட்டால் அதே ஊசியோடு அடுத்ததற்குப் போகாதீர்கள், அந்த ஒரு குத்து வரிசையாக எல்லாப் பழத்துக்கும் வித்தைக் கொண்டுபோய் விதைக்கும்.

பூசைக்கு எடுத்தது போக, தோல் சுருங்கி மஞ்சளாகிப் போன பழங்கள் சில மிஞ்சும். மெத்தென்ற இடமும் பூசணமும் இல்லாவிட்டால் அவை ஊறுகாய்க்கு நல்ல பழங்கள். நாலாக வகிர்ந்து, கல்லுப்பு அடைத்து, பீங்கான் ஜாடியில் போட்டு, தினமும் காலையில் ஒருமுறை குலுக்கிவிடுங்கள். நான்கைந்து நாளில் சாறு மேலே ஏறிப் பழத்தை மூடும்.